முதுகை நிமிர்த்து, தங்கச்சி!

மயிலாப்பூரில் யோகாவுக்குப் பஞ்சமில்லை. மாட வீதியிலிருந்து மந்தைவெளி, அடையாறு, தி. நகர் வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வகுப்பு. விடியற்காலையில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெண்கள் விறுவிறுவென்று நடக்கிறார்கள். அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், புழல் பெண்கள் தனிச்சிறையிலும் பெண்கள் கண் விழிக்கிறார்கள். அவர்களுக்கும் முதுகு வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, மூச்சு முட்டுகிறது. அந்தப் பாய் புழலுக்கும் போயாக வேண்டும்!

உள்ளே இருப்பவர்கள் யார்? 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த பெண்கள் 23,772 பேர். அவர்களில் 1,537 பேர் கைக்குழந்தையோடும் சின்னஞ்சிறு பிள்ளைகளோடும் இருந்தவர்கள். ஆண், பெண் என்று மொத்தமாகப் பார்த்தால் கைதிகளில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். நீதிமன்றம் இன்னும் தீர்ப்பே சொல்லவில்லை. தெரு எப்போதோ சொல்லி முடித்துவிட்டது. புருஷன் உள்ளே போனால் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனுப் பார்க்க வரிசையில் நிற்கிறாள். மனைவி உள்ளே போனால் எத்தனை வீடுகளில் அவள் பெயரையே எடுப்பதில்லை! ஜாமீன் கிடைத்தும் சூரிட்டி போட ஆள் இல்லாமல் கிடக்கும் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

கைவிடப்பட்டதை உடம்பு உடனே காட்டிவிடும். தலை குனியும், தோள் சுருங்கும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுபோகும். ஒரு சின்னச் சொல்லுக்குக் கை ஓங்கும். இல்லையென்றால் மாதக்கணக்கில் வாயே திறக்காது.

அங்கேதான் யோகா வேலை செய்கிறது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கும்போது மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பு தூண்டப்படுகிறது. இதயத் துடிப்பு தணிகிறது, உடம்பின் பதற்றம் இறங்குகிறது. கோபத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு நொடி கிடைக்கிறது. அந்த ஒரு நொடி கிடைக்காமல் வாழ்க்கையையே தொலைத்தவர்கள் சிறைக்குள் எத்தனை பேர்!

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் ஏழு சிறைகளில் பத்து வாரம் யோகா வகுப்பு நடத்திப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். வகுப்புக்கு வந்தவர்களின் மன அழுத்தம் குறைந்திருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று: யோசிக்காமல் கையை நீட்டிவிடுகிறார்களா என்று கணினியில் வைத்த சோதனையில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தவறு செய்தார்கள். நம் நாட்டில் 1975லேயே ஜெய்ப்பூர் சிறையில் விபாசனா தியானம் நடந்திருக்கிறது. காவல்துறை அதிகாரி கிரண் பேடி டெல்லிச் சிறைகளின் பொறுப்பில் இருந்தபோது, 1994 ஏப்ரலில் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பத்து நாள் பேசாமல் உட்கார்ந்து தங்கள் மூச்சைக் கவனித்தார்கள். ஆசனம் இல்லாத வேறு வழி அது. பிடித்தது அதே மூச்சைத்தான். சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்த நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977இலேயே தம் தீர்ப்பில் கைதிகளுக்குத் தியானம் மருந்தாகும் என்று எழுதினார். வழி எப்போதோ காட்டியாகிவிட்டது. நடக்கத்தான் ஆள் வேண்டும்.

எப்படிச் சொல்லித் தருவது என்பதற்கும் நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் நூறு வயது வாழ்ந்து 1989இல் மறைந்தது இந்தச் சென்னையில். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தந்தை பெயரால் தொடங்கிய ‘யோக மந்திரம்’ பயிற்சி மையம் மந்தைவெளியில் இருக்கிறது. ஆளுக்கேற்ற பயிற்சி, பயிற்சிக்காக ஆளை வளைக்காதே என்பதுதான் அந்த வழியின் உயிர். சிறைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. அடிபட்டு வந்த பெண்ணைப் பின்னாலிருந்து தொட்டுத் திருத்தக் கூடாது. கேட்டுவிட்டுத் தொட வேண்டும். கண்ணை மூடப் பயந்தால் திறந்தே இருக்கட்டும். முட்டி வலிப்பவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆனவளுக்கும் மாதவிடாய் நின்றவளுக்கும் ஒரே ஆசனத்தைக் கொடுப்பவர் ஆசிரியரே இல்லை. யோகா தினமான ஜூன் 21 அன்று வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்துவிட்டு அடுத்த ஜூனுக்கு வருவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அவமரியாதை.

வக்கீலுக்கும் ஜாமீனுக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் பதிலாக யோகாவைக் கொடுத்தால் அதை நான் எதிர்ப்பேன். அவற்றைக் கேட்டு வாங்கும் தெம்பைத் தரத்தான் யோகா.

தங்கச்சி, இனி உன்னிடம் பேசுகிறேன். உள்ளே இருக்கிறாயோ, வெளியே வந்து வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைகிறாயோ, கேள். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர் துர்காபாய். மதுரைச் சிறையில் தனி அறையில் அடைத்தார்கள். வேலூர்ச் சிறையில் எழுத்தறியாத பெண் கைதிகளைப் பார்த்தார். என்ன வழக்கு என்று கூடத் தெரியாமல் கிடந்தவர்களுக்காகவே சட்டம் படிக்க முடிவெடுத்தார், படித்தார், வக்கீலானார், நாட்டின் அரசியல் சாசனத்தை எழுதிய சபையில் உட்கார்ந்தார். 1937இல் அவர் மயிலாப்பூரில் தொடங்கிய ஆந்திர மகிளா சபா இன்றும் இருக்கிறது. அவரை அடைத்த சுவரால் அவர் முதுகை வளைக்க முடியவில்லை. 2023இல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறக்கப்பட்டது. அங்கே சீருடையில் நின்று பெட்ரோல் போடுபவள் உன்னைப் போன்றவள்தான்!

பாய் இல்லையா? புடவையை நாலாக மடித்துப் போடு. இடம் இல்லையா? நிற்கும் இடம் போதும். பாதம் இரண்டையும் தரையில் ஊன்று. தோளைப் பின்னுக்குத் தள்ளு. நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. யார் அனுமதியும் கேட்காதே! நாளைக்கும் செய். நாளை மறுநாள் மனசு வராது. அன்றைக்குக் கட்டாயம் செய். நீ தப்பே செய்திருந்தாலும் அது ஒரு நாள் செயல். நீ அதைவிடப் பெரியவள்.

மயிலாப்பூர், அடையாறு, தி. நகர் யோகா ஆசிரியைகளே! சிறைத்துறைத் தலைமை அலுவலகம் எழும்பூரில்தான் இருக்கிறது. வாரம் ஒரு நாள், வருடம் முழுக்க வருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். முதல் மனுவுக்குப் பதில் வராவிட்டால் இரண்டாவது மனுவோடு நேரில் போய் நில்லுங்கள்.