ஜூம் கூடினால் காட்சி கூடுமா?

நிக்கான் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த கூல்பிக்ஸ் பி900 கேமராவில் 83 மடங்கு ஜூம் இருந்தது. 2018-இல் வந்த பி1000 அதை 125 மடங்காக்கியது. ஒரு முக்காலி இருந்தால் போதும், நிலவின் பள்ளங்களையும் வியாழனின் துணைக்கோள்களையும் யாரும் படம் பிடிக்கலாம் என்றானது. கூடவே ஒரு விபரீதமும் நடந்தது. பூமி தட்டை என்று நம்புகிறவர்கள் இந்தக் கேமராக்களையே சாட்சிக்கு அழைத்தார்கள். விண்மீனை நோக்கி ஜூம் செய்தால் தண்ணீரைப் போல் நெளியும் வட்டு ஒன்று தெரிகிறது. விண்மீனின் மெய்யுருவையே கண்ணால் கண்டபின் வேறு சான்று எதற்கு என்று கேட்டார்கள். அறிவின் அளவைகளைக் காண்டல் (நேர்க்காட்சி), கருதல் (ஊகித்தறிதல்), உரை (நம்பத்தக்கோர் சொல்) என்று வகுத்த சைவ சித்தாந்திகளுக்கு இது பழகிய கேள்வி. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவை என்றார்கள் அவர்கள். கேமராவின் காட்சியையும் அந்த உரைகல்லில்தான் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

பி900-இன் லென்ஸ் முழு ஜூமில் 357 மி.மீ. குவியத்தூரமும் எஃப்/6.5 திறப்பும் உடையது. பி1000-இல் அவை 539 மி.மீ., எஃப்/8. குவியத்தூரத்தைத் திறப்பின் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயிலின் விட்டம் முன்னதில் சுமார் 55 மி.மீ., பின்னதில் 67 மி.மீ. நெருங்கி நிற்கும் இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறனுக்கு எல்லை வகுப்பது இந்த விட்டம்தான். ஆகவே உருவம் ஒன்றரை மடங்கு பெருத்தாலும், புதிதாகத் தெரியும் நுணுக்கம் மிஞ்சிப்போனால் 1.2 மடங்கு. இடையிலுள்ள காற்று கொதித்தால் அதுவும் கிட்டாது. பி1000-இன் மெய்யான முன்னேற்றம் என்று நான் மதிப்பது அதன் ரா கோப்பைத்தான். பி900 தருவது ஜேபெக் மட்டும். புள்ளி இரைச்சலை மழுக்கி, விளிம்புகளைக் கூராக்கி, கேமரா தன் தீர்ப்பை எழுதி முடித்த பிறகே படம் நம் கைக்கு வரும். ரா கோப்பு இருந்தால், சென்சார் வாங்கியது எது, கேமரா சேர்த்தது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியுண்டு.

மூக்குக்கண்ணாடியும் லென்ஸ்தானே, அதன் வழியே பார்ப்பதையும் சந்தேகிப்பதா என்று கேட்கலாம். கருவி இடையில் நிற்பது குற்றமே இல்லை; வெறுங்கண்ணும் கானலைக் கண்டு ஏமாறுகிறது. பொருளால் வந்ததையும் கருவியால் வந்ததையும் பிரித்தறியாமல் விடுவதே குற்றம். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: அப்படிப் பிரிப்பது கருதல் ஆயிற்றே, காட்சியைத் திருத்தக் கருதலுக்கு ஏது உரிமை? ஆனால் இங்கே கருதல் நம்மை இன்னொரு காட்சிக்குத்தான் அழைத்துப் போகிறது. மேனுவல் ஃபோகஸுக்கு மாறி மெல்ல நகர்த்தினால் விண்மீனின் வட்டு சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகும். தாண்டிப் போனால் மறுபடி விரியும். வியாழனோ மிகக் கூர்மையான நிலையிலும் வட்டாகவே நிற்கும். முதலாவது ஃபோகஸ் பிசகால் வந்த வட்டு, இரண்டாவது கோளின் வட்டு. வானில் கண்ட எதையும் சான்றென்று பிறருக்கு அனுப்புமுன், ஃபோகஸை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.