விளைவும் முதலும்

உழைக்காது பெறும் பங்கிலாபம் அறமாகுமா என்பது பழைய வினா. அது எதிலிருந்து விளைகின்றது என்பது அதனினும் ஆழமானது. புத்தளத்தை அடுத்த பாலாவியில் இதற்கு இரு சான்றுகள் அருகருகே உள்ளன. உப்பளத்தின் விளைவு மழை மிகுந்த ஆண்டிற் குன்றும். ஆயினும் கடலும் வெயிலும் அதனை மீளத் தரும். 1990களில் தனியார்மயமாக்கப்பட்ட சீமெந்து ஆலைக்கோ அருவக்காட்டில் அகழப்படும் சுண்ணக்கல்லே உணவு. 1 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியிற் படிந்த அக்கல் மீள விளையாது. முன்னதன் இலாபம் கனி. பின்னதன் இலாபத்திலோ மரத்தின் கிளையும் கலந்துள்ளது.

நிலையான வருமானத்தை நாடிப் பங்கு வாங்குவோர், ஏறியிறங்கும் உப்பை விடுத்துக் குறைந்துசெல்லும் கல்லையே விரும்பக்கூடும். அகழ்ந்த நிலத்தைச் சீர்செய்யவும், கல் தீர்ந்தபின் தொழிலாளர் வாழவும் வேண்டியதை ஒதுக்கியபின் எஞ்சுவதே இலாபம். அதற்குமேற் பெறுவது, பிறக்கவிருப்போரின் முதலை உண்பதாகும்.