விட்டுவிட்ட மீன்

2021 நவம்பர் வெள்ளத்தின்போது, படாளத்துக்கு வடக்கே பாலாற்றங்கரையில் நானும் நண்பர் ஒருவரும் நின்றிருந்தோம். நந்தி மலையில் பிறந்து வரும் ஆறு. பெரும்பாலான நாட்களில் மணலாகவே கிடக்கும். அன்று கரை கொள்ளாமல் ஓடியது. தண்ணீரைக் கண்டதும் நண்பருக்குக் காவிரியின் ஞாபகம் வந்துவிட்டது. ஒகேனக்கலுக்கு மேலே, பாறைகளுக்கிடையே நுரைத்துச் சுழலும் நீரில், பரிசலில் இருந்தபடி மஷீர் மீனைத் தூண்டிலிட்ட பழைய கதையைச் சொன்னார்.

"ஒரு மணி நேரம் போராடியது. கரை சேர்த்தேன். எடை பார்த்தேன்; படம் எடுத்தேன்; ஆற்றிலேயே விட்டுவிட்டேன். ஒரு பாவமும் செய்யவில்லை."

வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"திங்கறதுக்கு இல்லேன்னா, அதை எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

நண்பர் வாயடைத்துப் போனார். நானும் கிழவர் பக்கமே தீர்ப்பு எழுதியிருப்பேன். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

1946-இல் கபினியில் 120 ராத்தல் எடையுள்ள மஷீர் ஒன்று தூண்டிலில் சிக்கியது. காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழ்கின்ற, முதுகில் திமில் எழும்பிய மஷீர், 2018-இல் அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. அணைகளும் வெடிவைத்துப் பிடித்தவர்களும் செய்த வினை ஒரு பக்கம். 'மீன் பெருகட்டும்' என்ற நல்லெண்ணத்தோடு, பண்ணையில் பொரித்துக் கொண்டுவந்து விட்ட வேறோர் இன மஷீர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது மறுபக்கம். அதே சமயம், தூண்டிற்காரர்கள் கொடுத்த பணத்தில்தான் ஆற்றின் சில பகுதிகளுக்குக் காவல் இருந்தது. வெடி போட்டவர்களில் சிலரே அவர்களுக்கு வழிகாட்டிகளாகவும் மாறினார்கள்.

நல்லெண்ணம் கெடுத்தது, விளையாட்டு காத்தது. அப்படியானால் பாவத்தை எங்கே தேடுவது? பிடித்ததிலா, விட்டதிலா? விட்ட பிறகு திரும்பிப் பாராமல் போவதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆற்றுக்குக் காவல் நின்றவனின் தூண்டிலை ஒருவாறு மன்னிக்கலாம். படத்தோடு வீடு திரும்பியவனின் கருணையை நம்ப முடியவில்லை.

இப்படி எழுதும்போதே கை தயங்குகிறது. நானும் தூண்டிற்காரன்தானே! பல வருஷங்களுக்கு முன், இந்த வட்டாரத்துப் பெண்மணி ஒருத்தியின் துயரத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் கதையாக்கினேன். பெயரை மாற்றினேன், யாருக்கும் அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அதன் பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

கிழவரின் கேள்வி நண்பருக்கு மட்டும் உரியதன்று. அந்தத் தெருவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். இம்முறை நோட்டுப்புத்தகம் இல்லாமல்.