அனுமதிப்பத்திரமும் அறமும்

"அரசாங்கமே அனுமதி கொடுத்த பிறகு அதில் என்ன பிழை?" சூதாட்டத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இக்கேள்வியும் எழுவதுண்டு. சட்டம் எதனைக் கேட்கிறது, அறம் எதனைக் கேட்கிறது என்பதை வேறுபடுத்தி அறிந்தால் இம்மயக்கம் தீரும்.

இலங்கையில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச்சட்டம் பணயம் வைத்து ஆடுவதை எல்லா இடத்திலும் குற்றமாகக் கொள்ளவில்லை. தெருவிலும், பொதுமக்கள் வந்துபோகும் இடங்களிலும், சூதுக்கென வைத்திருக்கும் இடங்களிலும் ஆடுவதையே தடுத்தது. கோழிச்சண்டையை மட்டும், பணயம் இல்லாவிடினும் தடுத்தது. 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றிக் கசினோ நடத்தலாகாது என்றது. 2025இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இவ்விரண்டையும் நீக்கி, சூதாட்டத் தொழிலுக்கு அனுமதி வழங்குவதையும் மேற்பார்வை செய்வதையும் ஓர் அதிகாரசபையிடம் ஒப்படைத்தது.

அனுமதிப்பத்திரம் வீணானதன்று. மோசடியைத் தடுக்கவும், வரி அறவிடவும், நடத்துபவரைப் பொறுப்புக்கூற வைக்கவும் அது உதவுகிறது. ஆனால் அது நடத்துபவருக்கே வழங்கப்படுகிறது. ஆடுபவரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று அது கேட்பதில்லை.

மகாபாரதத்திலே அத்தினாபுரத்துச் சூது ஒளித்து ஆடப்படவில்லை. திருதராட்டிர மன்னனின் அழைப்பின் பேரில், அரசசபையிலே, பெரியோர் பார்த்திருக்க நடந்தது. வேண்டாமென்று விதுரர் முன்னரே எச்சரித்தார். தருமர் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் இழந்து, ஈற்றில் திரௌபதியையும் பணயம் வைத்துத் தோற்றார். தம்மையே முதலில் தோற்றவருக்குத் தன்னைப் பணயம் வைக்க உரிமை உண்டோ என்று திரௌபதி கேட்டபோது, அறநூல்களை அறிந்த பீஷ்மராலும் தெளிவான விடை கூற இயலவில்லை. அங்கே அரசனின் அனுமதி இருந்தது, அறம் இருக்கவில்லை.

திருவள்ளுவரும் சூது என்னும் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையிலே வைத்தார். அறிவை மயக்கும் கள்ளுக்கு அடுத்ததாக அது நிற்பது சிந்தனைக்குரியது.

இன்று சூதுக்களம் கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. "என் காசு, என் விருப்பம்" என்பர். தகப்பன் சீட்டுக்காசை இழந்தால் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. மகன் இழந்தால் தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. பணயம் வைக்கும்போது அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. திரௌபதியிடமும் அன்று எவரும் கேட்கவில்லை.

தொழிலை நடத்தலாமா என்பதை அரசு தீர்மானிக்கட்டும். காசை வைக்கலாமா என்பதைத் தீர்மானிக்குமுன், வீட்டிலுள்ளோரின் முகத்தை ஒருகணம் பார்த்தல் வேண்டும். அந்நல்லறிவை இறையருள் அனைவருக்கும் கூட்டுவதாக.