சரஸ்வதி பூஜையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்கிறேன்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே!

சென்ற வருடம் நவராத்திரி நேரத்தில் ஒரு சகோதரர் மஃரிபுக்குப் பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார். அவருடைய மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜைக்கு எல்லோரும் ஒரு புத்தகம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அத்தா, பூஜையில புக் வைக்கலேன்னா எனக்குப் படிப்பு வராதா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் கோபத்தில், "அதெல்லாம் வெறும் பொம்மை, அந்தப் பக்கமே போகாதே" என்று சத்தம் போட்டுவிட்டார். மறுநாள் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்காரும் தோழியிடம், "உங்க சாமி வெறும் பொம்மை" என்று சொல்ல, தோழி அழுதிருக்கிறாள். ஆசிரியை இவரைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

"ஹஸ்ரத், நான் சொன்னதில் என்ன தப்பு?" என்று கேட்டார்.

சகோதரர்களே! அந்தப் பிள்ளை கேட்டது ஒரு கேள்வி. படிப்பு வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் கேட்டாள். அதற்குப் பதில் கிடைக்கவில்லை, திட்டுதான் கிடைத்தது. அந்தத் திட்டைத்தான் அவள் தோழியிடம் கொடுத்தாள்.

நபி (ஸல்) அவர்கள் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை

பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் சிறு குழந்தையாக இருந்தபோது ஸதகாப் பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டார்கள். நபியவர்கள் உடனே துப்ப வைத்தார்கள். அதோடு விடவில்லை. நாம் ஸதகாப் பொருளை உண்ண மாட்டோம் என்ற காரணத்தையும் அந்தக் குழந்தைக்குச் சொன்னார்கள். இது புகாரியில் வருகிறது. தடுப்பதும் உண்டு, விளக்குவதும் உண்டு. நாம் தடுப்பதோடு நின்றுவிடுகிறோம்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக நபியவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து போனபோது, கேட்பதாக இருந்தால் அல்லாஹ்விடமே கேள் என்று நபியவர்கள் கற்றுக்கொடுத்ததைத் திர்மிதியில் பார்க்கிறோம். தவ்ஹீதின் அடிப்படையை ஒரு சிறுவனுக்குப் புரியும்படி, பயணத்தின் நடுவே, அன்போடு சொன்னார்கள்.

அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான்: "கண்ணு, படிப்பைத் தருபவன் அல்லாஹ். 'ரப்பி ஸித்னீ இல்மா' என்று துஆ கேள். நன்றாகப் படி. உனக்கு ஒரு குறையும் வராது."

அறிவது வேறு, வணங்குவது வேறு

சிலர் கேட்கிறார்கள்: "பாடத்தில் இந்துப் பண்டிகையைப் பற்றி வந்தால் பிள்ளை படிக்கலாமா?" படிக்கலாம். நவராத்திரி ஒன்பது இரவுகள், வீடுகளில் கொலு வைப்பார்கள், ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும், மறுநாள் விஜயதசமி, அன்று சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து தொடங்குவார்கள். இதைத் தெரிந்துகொள்வதால், பரீட்சையில் எழுதுவதால் ஈமான் போய்விடாது. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபியவர்களே கட்டளையிட்டார்கள். மற்றவர்களோடு வாழ்பவனுக்கு மற்றவர்களைப் பற்றிய அறிவு தேவை.

ஆனால் பூஜையில் கும்பிட்டு நிற்பது, பொட்டு வைத்துக்கொள்வது, படைத்ததை உண்பது, இவையெல்லாம் பாடம் அல்ல, வணக்கத்தோடு சேர்ந்தவை. லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் செய்த உபதேசத்தில் முதலில் எச்சரித்தது இணைவைப்பைப் பற்றித்தான் (31:13). இதில் நமக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. அவரவர் மார்க்கம் அவரவருக்கு என்பதே காஃபிரூன் சூராவின் முடிவு.

இந்த நாட்டின் சட்டமும் இதை ஒத்துக்கொள்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயமாகக் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது, சிறுவராக இருந்தால் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே சண்டை போடத் தேவையில்லை. பண்டிகைக்கு முன்பே ஆசிரியரைப் பார்த்து, "டீச்சர், பாடத்துக்கு என் பிள்ளை இருப்பாள். பூஜை நேரத்தில் மட்டும் தனியாக உட்கார்ந்துகொள்ளட்டும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஏளனம் செய்ய நமக்கு அனுமதி இல்லை

அல்லாஹ்வை அன்றி அவர்கள் அழைப்பவற்றைத் திட்டாதீர்கள், அதனால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வைத் திட்டிவிடுவார்கள் என்ற கருத்தை அல்லாஹ் அல்அன்ஆம் சூராவில் கட்டளையாகவே சொல்கிறான் (6:108). தவ்ஹீதைக் கொடுத்த அதே இறைவன்தான் இதையும் சொன்னான். ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட முடியாது.

நோன்புப் பெருநாள் பாடத்தை ஆசிரியை நடத்தும்போது, பக்கத்துப் பிள்ளை நம் பிள்ளையின் தொழுகையைப் பார்த்துச் சிரித்தால் நம் மனம் என்ன பாடுபடும்? நம் நோன்புக் கஞ்சியைப் பாத்திரத்தோடு வந்து வாங்கிச் செல்லும் அண்டை வீட்டாரின் பிள்ளைகள் அல்லவா அவர்கள்!

அந்தச் சகோதரரிடம் நான் சொன்னேன்: "பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். தோழியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். நாம் ஏன் பூஜையில் கலந்துகொள்வதில்லை என்பதையும் சொல்லிக் கொடுங்கள்." இரண்டு நாள் கழித்து வந்தார். மகள் மன்னிப்புக் கேட்டாளாம். தோழி பொரி, கடலை கொடுத்தபோது, "சாமிக்குப் படைச்சது நாங்க சாப்பிட மாட்டோம், கோச்சுக்காதே" என்றாளாம். மறுநாள் அந்தத் தோழி, படைக்காத முறுக்கைத் தனியாக எடுத்து வந்தாளாம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது முடிகிறது, சகோதரர்களே!

ஆகவே பண்டிகை வரும் வரை காத்திருக்காதீர்கள். இன்றே வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து, அவர்கள் என்ன கொண்டாடுகிறார்கள், நாம் எதை நம்புகிறோம், பள்ளிக்கூடத்தில் எப்படி நடந்துகொள்வது என்ற மூன்றையும் சொல்லிக்கொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் ஈமானைப் பாதுகாப்பாயாக! அவர்களின் நாவை அழகாக்குவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.