கொடையும் கடனும்

செல்வம் படைத்த ஒருவன் ஏழைகளுக்கென ஒரு வைத்தியசாலையைக் கட்டிக் கொடுக்கும்போது, நாம் அவனைப் போற்ற வேண்டுமா? அல்லது அந்த வைத்தியசாலை ஒரு தனிமனிதனின் கொடைக்காகக் காத்துக் கிடக்க நேர்ந்ததே என்று வெட்கப்பட வேண்டுமா? இது பழைய வினாவே. எனினும், 2024 செப்ரெம்பர் 30ஆம் திகதி தமது 58ஆவது வயதில் மறைந்த கூடைப்பந்தாட்ட வீரர் டிக்கெம்பே முட்டொம்போவின் வாழ்வு அதனை மீண்டும் நம்முன் எழுப்புகின்றது.

முட்டொம்போ 1966இல் கொங்கோவின் தலைநகரிற் பிறந்தவர். அந்நாட்டின் இறப்பரும் செம்பும் பிறரைச் செல்வராக்கின. 1945இல் ஹிரோஷிமாவில் வீழ்ந்த குண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதியும் அதன் சுரங்கத்திலிருந்தே சென்றது. ஆனால், முக்கால் நூற்றாண்டு காலச் சுரண்டலின்பின் 1960இல் பெல்ஜியம் வெளியேறியபோது, கொங்கோ மக்களுள் பட்டம் பெற்ற வைத்தியர் ஒருவர்தானும் இருக்கவில்லை. குடியேற்ற ஆட்சியின் வரவுசெலவுக் கணக்கை இதனினும் சுருக்கமாக எவரும் எழுதிவிட முடியாது. மறு ஆண்டு ஜனவரியில், பதவி பறிக்கப்பட்ட முதற் பிரதமர் லுமும்பா கொலையுண்டார். 1965இல் ஆட்சியைக் கைப்பற்றிய மொபுட்டு, மேற்கு வல்லரசுகளின் அரவணைப்பில் நெடுங்காலம் நிலைத்து, 1997 வரை நாட்டைச் சூறையாடினார்.

அத்தகைய நாட்டிற் பிறந்த இளைஞன் வைத்தியனாக விரும்பியதில் வியப்பில்லை. 1987இல் அமெரிக்க அரசின் புலமைப்பரிசில் பெற்று, வாஷிங்டனிலுள்ள ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகத்துக்கு அவர் சென்றது அந்நோக்குடனேயே. அங்குள்ள கூடைப்பந்தாட்டப் பயிற்றுநரோ ஏழடிக்கும் மேற்பட்ட அவருடைய உயரத்தைக் கண்டார். வைத்தியக் கனவு கைநழுவியது. 1991இல் டென்வர் அணியிற் தொடங்கி, 2009 வரை 18 பருவங்கள் அவர் தொழில்முறை வீரராக ஆடினார். கூடையை நோக்கி எதிரணியினர் எறிந்த பந்துகளை 3,289 தடவை தடுத்தார். அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்க வரலாற்றில் அவரினும் மிகுதியாகத் தடுத்தவர் நைஜீரியாவிற் பிறந்த ஒலாஜுவன் ஒருவரே. தடுத்தபின், 'இங்கு நடவாது' என்பதுபோற் சுட்டுவிரலை அசைப்பது அவர் வழக்கம், அரங்கம் ஆரவாரிக்கும்.

ஆனால், 1990களின் இறுதியில் அவருடைய தாய் பியாம்பா மரி கின்ஷாசாவில் நோயுற்றபோது, கலவரத்தால் வீதிகள் அடைபட்டிருந்தன. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி அவர் வீட்டிலேயே உயிர் நீத்தார். கோடிக்கணக்கில் ஈட்டிய மகனாலும் தன் தாய்க்கு ஒரு வைத்தியரை அனுப்ப இயலவில்லை. தனிமனிதனின் செல்வம் எவ்வளவு பெருகினும், பொதுவாழ்வு சிதைந்த நாட்டில் அது அவனுடைய வீட்டு வாயிலோடு நின்றுவிடுகின்றது.

முட்டொம்போ இந்த உண்மையை உணர்ந்தார் போலும். 1997இல் ஓர் அறநிலையத்தை நிறுவிய அவர், கின்ஷாசாவில் 300 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை ஒன்றை எழுப்பித் தாயின் பெயரை அதற்குச் சூட்டினார். 2007இல் அது நோயாளரை ஏற்கத் தொடங்கியது. செலவு 2 கோடி 90 இலட்சம் டொலர். அதிற் பாதிக்கு மேற்பட்டது அவருடைய சொந்தப் பணம்.

இங்கே இரு குரல்கள் எழும். செல்வர் அனைவரும் இவ்வாறிருந்தால் உலகில் வறுமை ஏது என்பது ஒன்று. ஈகை என்பது மக்களின் சினத்தை மழுங்கச் செய்யும் மருந்து என்பது மற்றையது. முதலாவது குரல் கொடையாளியை மட்டும் காண்கின்றது. அவன் கொடுக்க மறுத்தால் என்ன நேரும் என்று அது கேட்பதில்லை. கொடுப்பவன் நினைத்தால் நிறுத்திவிடக்கூடிய ஒன்று மக்களின் உரிமையாகாது. இரண்டாவது குரலில் உண்மை உண்டு. எனினும் அது கட்டிலிற் கிடக்கும் நோயாளியை மறந்துவிடுகின்றது. நீதி பிறக்கும் நாள்வரை காய்ச்சலைத் தாங்கிக்கொள் என்று பிள்ளையைப் பெற்றவளிடம் கூறும் உரிமை எந்தக் கொள்கைவாதிக்கும் இல்லை.

ஆகவே கொடையை அளக்கும் கோல் தொகையன்று. அது எந்த வினாவை எழுப்புகின்றது, எதனை மூடிவிடுகின்றது என்பதே. கொடுத்தவன் புகழைப் பாடி, கொடுக்க வேண்டி வந்த காரணத்தை மறைப்பது பிச்சை. காரணத்தை மறக்கவிடாது நிற்பது கடன் தீர்த்தல். வீதி அடைபட்டதால் மாண்ட ஒரு தாயின் பெயர் அந்த வைத்தியசாலையின் வாயிலில் இருக்கின்றது. அதனை நன்றியறிதலாக மட்டுமன்றிக் குற்றப்பத்திரமாகவும் படிக்கலாம்; படிக்கவும் வேண்டும்.

முட்டொம்போ தம் பங்குக் கடனைத் தீர்த்துச் சென்றுவிட்டார். செம்பையும் யுரேனியத்தையும் கொண்டுசென்றோரின் கடன், அவருடைய கணக்கிற் சேராமல், இன்னும் அப்படியே இருக்கின்றது.