பூச்சுக்குப் பின்னால் இருக்கும் சுவர்

வீட்டைப் புதுப்பிக்கும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பவரின் நிலை, கடையில் பொருளை எடுத்துப் பார்த்து வாங்குபவரின் நிலையிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பணம் கைமாறும் நேரத்தில் வாங்கப்படுவது இன்னும் உருவாகியிருப்பதில்லை, உருவான பிறகோ அதன் முக்கியமான பகுதி கண்ணுக்குத் தெரியாதபடி மூடப்பட்டுவிடுகிறது. மொட்டைமாடியின் ஒழுகலை நிறுத்தச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதிக்கும் வேலையானாலும், துருவேறி உப்பிப் பூச்சைப் பிளந்த கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து மீண்டும் காரை கட்டும் வேலையானாலும், குளியலறைத் தரைக்கு அடியில் ஓடும் குழாயானாலும், நேர்மையாகச் செய்யப்பட்டதும் ஏமாற்றிச் செய்யப்பட்டதும் முடிந்த நாளில் ஒன்றுபோலவே தோன்றும். கம்பியின் துரு நீக்கப்பட்டதா, புதுப் பூச்சுக்கு வேண்டிய நாள்கள் தண்ணீர் ஊற்றப்பட்டதா என்பதை அறிந்தவர் செய்தவர் மட்டுமே. வீட்டுக்காரருக்கு அது தெரியவருவது பெரும்பாலும் அடுத்த வடகிழக்குப் பருவமழையில்தான்.

இந்த நிலையிலிருந்து எழும் அறவியல் கேள்வி பழமையானது: தன்னைக் காத்துக்கொள்ள ஒருவர் செய்யும் ஏற்பாடு, அவர் அடுத்தவர் மீது வைப்பதாகச் சொல்லும் நம்பிக்கையைப் பொய்யாக்குகிறதா? தமிழ்நாட்டில் மேஸ்திரியிடமோ, பொருளும் கூலியும் சேர்த்து வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரரிடமோ எழுத்தில் கேட்பவர் ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்ற பதிலைச் சந்திக்கும்போது கூச்சத்தோடு பின்வாங்குவதற்குக் காரணம், நம்பிக்கை என்றால் கேள்வி கேட்காமல் இருப்பது என்ற எண்ணம் இருதரப்பிலும் ஊறியிருப்பதே ஆகும். அந்த எண்ணம் பெருந்தன்மையாகத் தோன்றினாலும், அறநூல்களில் அதற்கு ஆதரவு மிகக் குறைவு.

திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்று அடுத்தடுத்து வரும் 51, 52ஆம் அதிகாரங்கள் அரசன் தன் வினையாளரைத் தேர்ந்துகொள்வது பற்றியவை. எனினும் தான் அறியாத தொழிலைப் பிறர் கையில் ஒப்படைக்கும் எவருடைய நிலையும் அளவில்தான் அரசனுடையதிலிருந்து வேறுபடுகிறது. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியவரிடம் பின்னர் ஐயம் கொள்வதையும் வள்ளுவர் ஒரே குறளில் சேர்த்து, இரண்டுமே தீராத துன்பம் தரும் என்கிறார். ஆகவே அவருடைய நோக்கில் ஐயத்துக்கு உரிய காலம் வேலை தொடங்குவதற்கு முன்பே. முன்பே தீர்க்கப்படாத ஐயம் பின்னால் நாள்தோறும் கொத்தனாரின் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுக்கும் நச்சரிப்பாக மாறும். அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு, அறிய வேண்டியதை அறியாதவரைத் தெளிவது எல்லா அறியாமையையும் தரும் என்று அவர் சொல்வது, மைத்துனரின் நண்பர் என்பதற்காகவோ ஒரே ஊர்க்காரர் என்பதற்காகவோ வேலையைக் கொடுத்துவிடும் வழக்கத்துக்கு நேராகப் பொருந்துகிறது. இன்னும் கூர்மையானது, எவ்வகையில் சோதித்துத் தெளிந்தபோதும் வினையில் இறங்கியபின் வேறுபடும் மாந்தர் பலர் என்ற அவருடைய எச்சரிக்கையாகும். தேர்வு ஒருநாளில் முடிவதில்லை என்பதும், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் பார்வை தேவை என்பதும் இதில் அடங்கியுள்ளன. முந்தைய வாடிக்கையாளரின் வீட்டை ஒரு மழைக்குப் பிறகு சென்று பார்ப்பது முதலாவது கடமையென்றால், பழைய பூச்சைக் கொத்திய பின்பும் புதுப் பூச்சு ஏறுவதற்கு முன்பும் சுவரைப் பார்ப்பது இரண்டாவது.

ஆனால் பார்வைக்கும் எல்லை உண்டு. பார்க்கத் தெரியாதவர் பார்த்தும் பயனில்லாத இடத்தில், அறிந்தவர் வாய் திறக்க வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. கி.மு. 44இல் சிசரோ தம் மகனுக்கு எழுதிய ‘கடமைகள் குறித்து’ என்ற நூலின் மூன்றாம் பகுதியில், ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த இரு ஆசிரியர்களின் வாதம் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைகிறது. மரம் உளுத்து இடியும் நிலையில் இருக்கும் வீட்டை, அந்தக் குறை தனக்கு மட்டுமே தெரிந்த நிலையில், ஒருவர் சொல்லாமல் விற்கலாமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்றும், வாங்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் வாதிடுகிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், வழிதவறியவனுக்கு வழி சொல்லாமல் விடுவதைக் காட்டிலும் இது மோசமானது என்கிறார். சிசரோ ஆன்டிபேட்டரின் பக்கம் நின்று, ரோமில் நடந்த வழக்கு ஒன்றையும் எடுத்துக்காட்டுகிறார். சென்டுமாலஸ் என்பவருடைய உயரமான வீடு, பறவைகளின் போக்கைக் கண்டு தெய்வச் சகுனம் சொல்லும் குருமார்களின் பார்வையை மறைத்ததால், அதன் ஒரு பகுதியை இடிக்கும்படி அவருக்குக் கட்டளை பிறந்தது. அவரோ அதைச் சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டார், இடிக்கும் செலவு வாங்கியவர் தலையில் விழுந்தது. நீதிபதியாக இருந்த மார்க்கஸ் கேட்டோ, அறிந்திருந்தும் அறிவிக்காததால் விற்றவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

டயோஜெனிஸின் பிரிவினை வீட்டு வேலையில் நிற்காது. காலியான மனையைப் பற்றி வாய்மூடி இருப்பவர் வெறுமனே மௌனம் காக்கலாம். ஓதம் ஏறிய சுவரின் மேல் பட்டி பூசி வண்ணம் அடிப்பவரின் மௌனத்துக்குக் கையும் கரண்டியும் உண்டு. சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இடம்பெறும் நபிமொழி ஒன்று இந்த வேறுபாட்டை எந்தத் தத்துவ நூலையும்விடச் சுருக்கமாகக் காட்டுகிறது: சந்தையில் குவித்திருந்த தானியத்துக்குள் நபிகள் நாயகம் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது, மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அவர், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றார். நனைந்தது வணிகரின் குற்றமன்று. அதை அடியில் வைத்ததே குற்றம். பழைய வீட்டைப் புதுப்பிப்பவருக்கும் பொறுப்பின் எல்லை இங்கேதான் விழுகிறது. கடலோரக் காற்றில் கம்பி துருவேறியதற்கு ஒப்பந்தக்காரர் பொறுப்பல்லர். கொத்தியபோது அதைக் கண்டும் சொல்லாமல் மூடியதற்கு அவரே முழுப் பொறுப்பாளர்.

இந்தியச் சட்டம் இந்த நிலைப்பாட்டுக்கு மெதுவாக வந்து சேர்ந்தது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்பதன் வரையறைக்குள் வீட்டுக் கட்டுமானம் 1993ஆம் ஆண்டின் திருத்தத்தால் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது; லக்னோ வளர்ச்சி ஆணையத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு வீட்டுக் கட்டுமானம் சேவையே என்று உறுதிசெய்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டின் சட்டம், ‘சேவைக் குறைபாடு’ என்பதற்குள் கவனக்குறைவை மட்டுமின்றி, நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்துக்கொள்வதையும் அடக்குகிறது. ஆன்டிபேட்டரின் வாதம் ஏறத்தாழ 2,100 ஆண்டுகள் கழித்துச் சட்டப் பிரிவாகியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

சொல்லும் கடமை ஒருபுறம் இருக்க, எழுதும் கடமை மறுபுறம் இருக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் சுவர்க்கத்தைப் பற்றியதன்று. அது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாக, தவணை குறித்துப் பட்ட கடனை எழுதிவைப்பது பற்றியது. சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்று கூறும் அவ்வசனம், எழுத்தை அவநம்பிக்கையின் அடையாளமாகக் காணாமல், ஐயம் எழாமல் இருப்பதற்கு மிக நெருக்கமான வழியாகக் காண்கிறது. கடன்படுபவரே வாசகத்தைச் சொல்ல, எழுதுபவர் எழுத வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. பொறுப்பை ஏற்பவரின் சொல்லாகவே ஒப்பந்தம் அமைந்தால், பின்னர் அது தன்மேல் சுமத்தப்பட்டது என்று அவர் சொல்ல முடியாது. அர்த்தசாத்திரத்தின் நான்காம் பகுதி கைவினைஞரிடமிருந்து மக்களைக் காப்பதில் தொடங்குகிறது. இடம், காலம், செய்யவேண்டிய வேலை ஆகிய மூன்றும் குறிப்பிடப்பட்டே வேலையை ஏற்க வேண்டும் என்றும், காலம் தவறினால் கூலியில் கால்பங்கு குறையும், சொன்னதற்கு மாறாகச் செய்தால் கூலியே போகும், இரண்டிலும் தண்டமும் உண்டு என்றும் அது விதிக்கிறது.

இன்றைய வேலைக்கு இந்த மூன்றும் போதா. சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும் ஒப்பந்தத்தில் சண்டை பிறக்கும் இடம் பெரும்பாலும் விலையாக இருப்பதில்லை, அந்த விலைக்குள் எது அடக்கம் என்பதாகவே இருக்கிறது: இடித்த கழிவை அள்ளிச் செல்லும் செலவு, மின்கம்பி, குழாய், சிமென்ட் ஆகியவற்றின் நிறுவனமும் தரமும், மணல் ஆற்று மணலா எம்-சாண்டா என்பது, பூச்சின் கனம் ஆகியவை தனித்தனியே எழுதப்பட வேண்டியவை. பழைய வீட்டில் கொத்தும்போது எதிர்பாராதது வெளிப்படுவது உறுதி என்பதால், ‘கூடுதல் வேலை’ என்ற தலைப்பே ஒப்பந்தத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது. எந்தக் கூடுதல் வேலையும் அளவும் விலையும் எழுதி இருவரும் ஒப்புக்கொண்ட பின்னரே தொடங்கும் என்ற ஒரு வரி பல மாதப் பகையைத் தவிர்க்கும். ரசீது தராமல் இருப்பதையும் 2019ஆம் ஆண்டின் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. வரியைக் குறைக்கும் பொருட்டுப் பில் வேண்டாம் என்று தாமே சொல்லிவிடும் வீட்டுக்காரர், ஒரு சிறு லாபத்துக்காகத் தம் சாட்சியைத் தாமே விற்றுவிடுகிறார்.

நம்பிக்கையின் இயல்பைப் பற்றி நவீனத் தத்துவத்தில் மிகுதியும் பேசப்படும் கட்டுரைகளுள் ஒன்று, அனெட் பேயர் 1986இல் எழுதிய ‘டிரஸ்ட் அண்ட் ஆன்டிடிரஸ்ட்’. நம்புவது என்றால் தனக்குத் தீங்கு செய்யக்கூடிய நிலையில் இன்னொருவரை வைத்துவிட்டு, அவர் செய்யமாட்டார் என்று இருப்பது என விளக்கும் அவர், நல்ல நம்பிக்கைக்கு ஒரு சோதனையையும் முன்வைக்கிறார்: ஒருவர் அடுத்தவரிடம் உள்ள எதைச் சார்ந்து இருக்கிறார் என்பது அந்த அடுத்தவருக்குத் தெரியவந்தால் அந்தச் சார்பு குலையுமா, நிலைக்குமா? வீட்டுக்காரரின் அறியாமையைச் சார்ந்து ஒப்பந்தக்காரர் இருந்தால், அது தெரிந்த கணமே உறவு உடையும். ஒப்பந்தக்காரரின் பணமுடையைச் சார்ந்து வீட்டுக்காரர் விலையைக் குறைத்திருந்தாலும் அப்படியே. எழுதப்பட்ட ஒப்பந்தம் இந்தச் சோதனையில் தேறுவது, இருவரும் எதைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதை அது மேசையின் மேல் வைத்துவிடுவதால்தான்.

இந்தச் சோதனை முன்பண விஷயத்தில் மிகவும் பயன்படுகிறது. புதுப்பிக்கும் வேலையில் அதிகாரம் ஒரே கையில் நிற்பதில்லை. பேச்சுவார்த்தையின்போது அது வீட்டுக்காரரிடம் இருக்கிறது, முன்பணம் கொடுத்து, சமையலறை இடிக்கப்பட்ட மறுநாள் ஒப்பந்தக்காரரிடம் போய்விடுகிறது, கடைசித் தவணை மிச்சமிருக்கும்போது மீண்டும் திரும்புகிறது. ஆகவே பாதிக்கு மேல் முன்பணம் கேட்பதும், முடித்த பிறகே பணம் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் செய்வதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். முடிந்த வேலைக்கு முடிந்த அளவு என்று கட்டம் கட்டமாகக் கொடுத்து, மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை ஒரு காலத்துக்கு நிறுத்திவைக்கும் கட்டுமானத்துறை வழக்கம் இதனால்தான் நியாயமாகிறது. மொட்டைமாடி வேலையாயின் அந்தக் காலம் ஒரு மழைக்காலத்தைக் கடப்பதாக இருப்பது பொருத்தம்.

ஆனால் நுகர்வோர் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மறந்துவிடும் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. நிறுத்திவைக்கப்படும் பணம் ஒப்பந்தக்காரரின் லாபத்திலிருந்து குறைகிறதா, செங்கல் சுமக்கும் சித்தாளின் அன்றாடக் கூலியிலிருந்து குறைகிறதா என்பது வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய ஹம்முராபியின் சட்டத்தொகுப்பு, சாய்ந்த சுவரைக் கட்டியவர் தம் செலவிலேயே உறுதிப்படுத்த வேண்டும் என்ற, இன்றும் ஏற்கத்தக்க விதியையும், வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் இறந்தால் கட்டியவரின் மகனைக் கொல்ல வேண்டும் என்ற கொடிய விதியையும் அருகருகே வைக்கிறது. பின்னதை நாகரிகம் கைவிட்டுவிட்டது என்று எண்ணுவது எளிது. ஒப்பந்தக்காரரின் தவற்றுக்கு அவருடைய கூலியாள் வயிற்றால் பதில் சொல்லும் ஏற்பாடு அதன் மெலிந்த வடிவமே. வேலை செய்பவனைத் தண்டிக்கும் அர்த்தசாத்திரம் கூலி கொடுக்காத உடையவனையும் தண்டிக்கிறது. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுங்கள் என்ற நபிமொழியும் கட்டடத் தளத்தில் சொல்லப்பட்டதுபோல் ஒலிக்கிறது. நிறுத்திவைக்கும் தொகை கூலியைத் தொடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவதும், கூலி கொடுக்கப்பட்டதா என்று வாரந்தோறும் கேட்பதும் வீட்டுக்காரரின் கருணையில் சேராமல் கடமையில் சேரும்.

இவ்வளவுக்கும் பின்னர் வேலை கெட்டுவிட்டால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் காப்பாற்றும் என்று எண்ணுவது பயனற்றது. விற்பனையோ புதிய ஒதுக்கீடோ இல்லாத பழுதுபார்ப்பையும் புதுப்பித்தலையும் அச்சட்டம் பதிவிலிருந்து விலக்கிவிடுகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையமே வழி. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே முறையிட வேண்டும், அப்போது கையில் இருக்க வேண்டியவை ஒப்பந்தமும் ரசீதுகளும், மூடுவதற்கு முன் எடுத்த தேதியிட்ட படங்களுமே.

எஞ்சும் கேள்வி வீட்டுக்காரரை நோக்கியது. ஒழுகும் தளத்தைச் சரிசெய்ய உண்மையான செலவைச் சொல்பவரை விட்டுவிட்டு, பாதி விலை சொல்பவரைத் தேர்ந்தெடுப்பவர், எது விடுபடப்போகிறது என்பதை அறிய விரும்பாதவராகிறார். இன்னும் ஒரு படி கீழே, வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ போகும் நேரத்தில் ‘மேலாக ஒரு கோட்டிங் அடித்துவிடுங்கள்’ என்று அவரே சொல்லும்போது, ஒப்பந்தக்காரரிடம் அவர் எதிர்பார்த்த வெளிப்படைத்தன்மை அவரைவிட்டு நீங்கிவிடுகிறது. சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத, விற்பவர் மட்டும் அறிந்த முக்கியமான குறையை அவர் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகிறது. பட்டி பூசிய கொத்தனாரும் அந்தக் குறையை அறிவார், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.